ஆர்டர் நோட்டையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேர்பெற்ற ஒளிப்படக்காரர் ஒருவர் காலமானால், அவர் எடுத்த முகங்களில் நல்லதாக ஐம்பதைப் பொறுக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். இருட்டறையில் நெகட்டிவ் கழுவியும், அதில் முகத்தைத் திருத்தும் டச்சிங் வேலை செய்தும் பிழைத்தவன் நான். ஆராய்ச்சி செய்கிறவருக்கு வேண்டிய சரக்கு மாட்டாமல் விட்ட மீதி நெகட்டிவ், தாள்கள் உள்ள பெட்டிகளில்தான் கிடக்கிறது.

1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் கனடா ஒளிப்படக்காரர் யூசுப் கார்ஷ் எடுத்த, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் வெடுக்கென்று பிடுங்கியதும் முறைத்த முறைப்பு அது. அடுத்து எடுத்த படத்தில் அதே மனிதர் சிரிக்கிறார்! முறைப்பு மட்டும் மிஞ்சியிருந்தால், போர்க்கால உறுதியின் முகம் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். கார்ஷின் நெகட்டிவ், பிரிண்ட், தாள்கள் எல்லாவற்றையும் 1987-இல் கனடா தேசிய ஆவணக் காப்பகம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. அப்படித்தான் செய்ய வேண்டும். பிரபலங்களின் படங்கள் மட்டும் ஏலத்தில் ஒவ்வொன்றாகப் போய்விட்டால், மிச்சத்தைச் சீந்த ஆளிருக்காது.

ஸ்கேன் செய்தால் போதாதா என்று கேட்பார்கள். பழைய நெகட்டிவை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் பென்சில் கோடுகள் மினுமினுக்கும். சுருக்கத்தை மறைக்க எங்களைப் போன்றவர்கள் போட்டவை. எந்த முகத்தில் எதை ஒளித்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று எமல்ஷன் பக்கத்தை, அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சுப் பக்கத்தை, துடைத்தால் எல்லாம் போச்சு. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபிலிம் உள்ள பெட்டியில் வினிகர் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. உடனே தனியாகப் பிரித்துக் குளிரில் வைக்க வேண்டும்.

அப்புறம், ஆர்டர் நோட்டு. நெகட்டிவ் உறையில் பெரும்பாலும் ஓர் எண்தான் இருக்கும். வந்தவர் யார், என்றைக்கு, எத்தனை பிரதி கேட்டார் என்பதெல்லாம் நோட்டில்தான். அது பழைய பேப்பரோடு போனால், உள்ளே இருப்பவர்கள் ஊர் பேர் தெரியாத முகங்கள்.

பெட்டிகளைக் கொடுத்தால் பதிப்புரிமையும் கூடவே போய்விடாது. அதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாவிட்டால், ஆய்வாளர் படத்தைப் பார்க்கலாம், தன் புத்தகத்தில் போட முடியாது. ஒப்படைக்கும் வாரிசுகளும் வாங்கும் காப்பகங்களும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோ டச்சிங் தொழிலாளி