மூவரும் முணுமுணுத்தார்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த சிறுகதையில், காதலன் நாயகியின் காதருகே குனிந்து 'ஓடிப் போய்விடலாம்' என்று முணுமுணுக்கிறான். அதே கதையில் காய்ச்சலில் கிடக்கும் பாட்டியும் முணுமுணுக்கிறாள். கடன் கேட்டுக் கிடைக்காத மாமாவும் முணுமுணுத்தபடியே படியிறங்குகிறார். மூவரில் மாமாவுக்கு மட்டும்தான் அந்தச் சொல் பொருந்துகிறது.

முணுமுணுப்பில் குரல் உண்டு, சொல்தான் பிடிபடாது. உதடு சரியாகத் திறக்காததால் ஓசை மூக்கு வழியே கசியும். மகரமும் ணகரமுமாக அந்த இரட்டைக்கிளவியே மூக்கொலியால் ஆனதுதானே! கூடவே ஒரு மனக்குறையும் இருக்கும். எதிரே சொல்லத் துணிவில்லை, விழுங்கிவிடவும் மனமில்லை. 'என்ன மொணமொணங்கிறே, வாயைத் திறந்து சொல்லு' என்று அதட்டுவது இதைத்தான். 'கட்சிக்குள் முணுமுணுப்பு' என்று செய்தியில் எழுதுகிறீர்களே, அது சரியான பிரயோகம்.

கிசுகிசுப்பு வேறு. அங்கே குரல்நாண் அதிர்வதில்லை, வெறும் மூச்சுதான். ஆனால் எந்தக் காதுக்காகச் சொல்லப்படுகிறதோ அந்தக் காதில் ஒவ்வொரு சொல்லும் விழவேண்டும். 'ஓடிப் போய்விடலாம்' என்பதைப் புரியாதபடி சொன்னால் அந்தப் பெண் மூட்டை கட்டுவாளா, மாட்டாளா? நடிகர் நடிகையர் பற்றிய வம்புக்குப் பத்திரிகைகள் 'கிசுகிசு' என்று பெயர் சூட்டியதால், கதை எழுதுகிறவர்கள் அந்தச் சொல்லைத் தொடக் கூசுகிறார்கள் போலும். கூச்சமாக இருந்தால் 'காதோடு சொன்னான்' என்று எழுதிவிட்டுப் போகலாம். பாட்டிக்கு முனகல் இருக்கிறது.

இந்த நுணுக்கம் நமக்குப் புதிதல்ல. காதலர்களைப் பற்றி ஊர் அரைகுறையாக வாய்க்குள் பேசுவதை அம்பல் என்றும், அதுவே வெளிப்படையாகப் பரவிவிட்டால் அலர் என்றும் அகப்பாடல்களில் பிரித்தே சொன்னார்கள். திருக்குறளில் அலருக்கென்றே 115ஆம் அதிகாரம் இருக்கிறது. குழந்தையின் திருந்தாப் பேச்சுக்கு மழலை, குதலை என்று இரண்டு சொற்கள் வேறு.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். பிடித்த பாட்டை 'முணுமுணுத்தாள்' என்பதில் மனக்குறை எதுவும் இல்லை. ஆனாலும் பாதிச் சொல்லை விழுங்கி, மூடிய வாய்க்குள் மெட்டை உருட்டுவதற்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அதைத் திருத்தச் சொல்லமாட்டேன்.

– ஒரு வாசகர்