முதுகுவலிப் பயிற்சித் தொகுப்பு: கசியும் காற்றுப் பை, தவறான கையேடு குறித்த புகார்

அனுப்புநர்:
இயன்முறை சிகிச்சையாளர்கள்,
மறுவாழ்வு மையம், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: முதுகுவலிப் பயிற்சித் தொகுப்புகள் 8 – பழுதும் பிழையும் – பணம் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலிக்கு வீட்டில் பயிற்சி செய்யவென்று நீங்கள் விற்கும் தொகுப்பில் எட்டு வாங்கினோம். டயல் வைத்த காற்றுப் பை, இலாஸ்டிக் பட்டை, இடுப்பு பெல்ட், கையேடு ஆகியவை அதில் உள்ளன. எட்டில் ஐந்து பைகள் கசிகின்றன. கையேடு அதைவிட மோசம்.

முதலில் பை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்புக்கு மேலுள்ள வளைவின் அடியில் பையை வைத்து, டயல் 40 காட்டும்வரை காற்றடிக்க வேண்டும். அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து ஒரு காலைத் தூக்கும்போது முள் அங்கேயே நிற்க வேண்டும். முள் இறங்கினால் முதுகு வளைந்து பையை விட்டு எழும்புகிறது என்று பொருள். ஏறினால் முதுகைத் தரையோடு அழுத்துகிறார். கண்ணுக்குத் தெரியாத தன் முதுகை நோயாளி பார்ப்பது இந்த முள்ளில்தான்.

உங்கள் பையின்மேல் 5 கிலோ மணல் மூட்டையை வைத்து 40-க்குக் காற்றடித்தோம். யாரும் தொடாமலே இரண்டு நிமிடத்தில் முள் 31-க்கு இறங்கியது. சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது, பையின் ஓரத் தையலில் எதுவும் இல்லை. ரப்பர் குழாய் டயலில் செருகும் கழுத்தில்தான் குமிழி வந்தது. குழாய் தளர்வாக இருக்கிறது, இறுக்க கிளிப் இல்லை. இரண்டு டயல்களில் காற்றை முழுக்கத் திறந்துவிட்ட பிறகும் முள் 4-இல் நிற்கிறது. சரியாகச் செய்கிறவர்கூட முள் இறங்குவதைப் பார்த்து, தன் வயிற்றுத் தசைக்குத் தாங்கும் சக்தி இல்லை என்று நினைத்து, மூச்சைப் பிடித்து முதுகை அழுத்தி முள்ளை மேலே கொண்டுவரப் பார்ப்பார். பல மாத வலியில் ஏற்கெனவே தன் முதுகின்மேல் நம்பிக்கை இழந்தவரிடம் கருவியும் பொய் சொல்லக் கூடாது.

கையேட்டில் அளவுகளே இடம் மாறியிருக்கின்றன. மல்லாந்த நிலைக்கு 70, குப்புறப் படுத்தால் 40 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மல்லாந்து 40, குப்புற 70 என்பதே சரி. குப்புறப் படுத்து அடிவயிற்றை உள்ளிழுக்கும்போது 6 முதல் 10 வரை இறங்க வேண்டும் என்ற குறிப்பும் இல்லை.

பயிற்சி அட்டவணையைப் படித்தபோது கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலை எழுந்தவுடன், கட்டிலுக்கடியில் பாதத்தைச் செருகி, காலை நீட்டி முழுதாக எழுந்து உட்கார வேண்டுமாம். முதல் நாள் 10 முறை, தினமும் 5 கூட்ட வேண்டுமாம். அந்தக் கணக்கில் 30-ஆம் நாள் 155 முறை வருகிறது! பாதத்தை மாட்டிக்கொண்டு எழுந்தால் இடுப்பை மடக்கும் தசைகள் முதுகெலும்பைப் பிடித்து இழுக்கும். இரவில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைக் குறைக்கவே நாங்கள் சொல்கிறோம்.

அந்த இடத்தில் இருக்க வேண்டியது வேறு. ஒரு முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளை இடுப்பு வளைவின் அடியில் வைத்து, தலையையும் தோளையும் சற்றே தூக்கும் பயிற்சி. முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் இடுப்பைத் தூக்குவது. மண்டியிட்டுக் கையூன்றி எதிரெதிர்க் கைகாலை நீட்டுவது. ஒவ்வொன்றும் 8 முதல் 10 விநாடி பிடித்து, முதல் சுற்றில் 6, அடுத்து 4, பிறகு 2 முறை என்று இறங்குவரிசையில் செய்யலாம். பலம் கூடும்போது முறைகளைக் கூட்டலாம். பிடிக்கும் நேரத்தை நீட்ட வேண்டாம்.

“வலி வந்தால் உடனே நிறுத்திப் படுத்து ஓய்வெடுக்கவும்” என்ற வரியை அவசியம் எடுங்கள். நாள்பட்ட வலியில் ஆளை மறுபடி கட்டிலுக்கே அனுப்பும் வரி அது. பத்துக்கு மூன்று, நான்கு வரையான வலி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் தணிந்தால் தொடரலாம். தணியாவிட்டால் ஒரு படி இறங்கிச் செய்யலாம். நடை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டவர்களில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப இடைநிலையாக (பாதிப் பேருக்குத் திரும்பும் காலம்) 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

பெல்ட்டை நாள் முழுதும் அணியச் சொல்கிறீர்கள். நாள்பட்ட முதுகுவலிக்கு வழக்கமான சிகிச்சையாக பெல்ட்டைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. மூன்று பெல்ட்டுகளில் பின்பக்க உலோகப் பட்டி துணியைக் குத்திக்கொண்டு வெளியே வருகிறது.

எங்களை அதிகம் பயமுறுத்துவது கையேட்டில் இல்லாத பக்கம்: சிறுநீர், மலம் அடக்க முடியாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் தொங்குதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்து அடிபட்டபின் வரும் வலி. இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர், மலம் அடக்க முடியாமையோ பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதலோ என்றால் அன்றைக்கே, அவசரப் பிரிவுக்கு. இது முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் வர வேண்டும்.

எட்டுத் தொகுப்புக்கான முழுப் பணத்தையும் 15 நாளில் திருப்பித் தாருங்கள். இதே தொகுப்பை வாங்கிய அனைவருக்கும் 40, 70 திருத்தத்தையும் அபாய அறிகுறிகளையும் குறுஞ்செய்தியில் அனுப்புங்கள். சரியான பயன்பாட்டுக் குறிப்பு தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு சொல்கிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். கசிவுச் சோதனையின் காணொளியையும், பில் நகலையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள்