எஞ்சினோடு ரயில் முடிந்துவிடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதிரி ரயில் பொழுதுபோக்கு பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். எஞ்சின்களைப் பற்றிக் கட்டுரையாளர் அருமையாக எழுதியிருக்கிறார், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "சரக்கு வேகன்களைப் பொறுத்தவரை கண்ணுக்குப் பிடித்த எதையும் வாங்கிக் கோத்துக்கொள்ளலாம்." இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அந்த வரியின் விளைவு அதே பக்கத்தில் அச்சாகியும் இருக்கிறது. 'இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க எண்ணெய் ரயில்' என்ற குறிப்போடு ஒரு மாதிரி ரயிலின் படம். முன்னால் புகை கக்கும் நீராவி எஞ்சின். பின்னால் நீள நீளமான டேங்கர் வேகன்கள். ஒன்றின் முதுகிலாவது டோம் என்னும் குமிழ் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். இல்லை. போதாக்குறைக்கு இரண்டாவது வேகனின் பக்கவாட்டில் வண்ணக் கோடுகள் போட்ட சிறு தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. வேகன்களைக் கருவி கொண்டு தானாக அடையாளம் காண 1967இல் அமெரிக்க ரயில்வேக்கள் கொண்டுவந்து, சரிவர வேலை செய்யாததால் பத்தே ஆண்டுகளில் கைவிட்ட தகடு அது. போர் முடிந்ததோ 1945இல்.

நான் எண்ணெய்க் கிடங்கில் டேங்கர்களுக்குள் அளவுகோல் விட்டு மட்டம் பார்த்தே உத்தியோகத்தைக் கழித்தவன். காலையில் ஒரு மட்டம், மதிய வெயிலில் ஒரு மட்டம் என்று எண்ணெய் ஏறி இறங்குவதைப் பார்த்தவனுக்கு டோம் எதற்கு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெயில் பட்டால் எண்ணெய் விரியும், விரிய இடம் வேண்டும். அந்த இடம்தான் பழைய டேங்கர் வேகனின் முதுகில் திமில் போல் நிற்கும் டோம். டேங்கின் கொள்ளளவில் 2 சதவீதமாவது டோமுக்கு இருக்க வேண்டும் என்பது அன்று அமெரிக்காவில் விதி. 8,000 காலன் வேகன் என்றால் டோம் 160 காலன். டேங்கை முழுக்க நிரப்பிவிட்டு, விரிவதற்கு டோமை விட்டுவிடுவார்கள். டேங்கையே சற்றுப் பெரிதாகக் கட்டி, விரிவுக்கான இடத்தை உள்ளேயே வைத்து, டோமும் அடிச்சட்டமும் இல்லாத வேகனை யூனியன் டேங்க் கார் நிறுவனம் ஓடவிட்டது 1954இல். ஆக, படத்தில் இருக்கும் வேகன்கள் போர்க்காலத்தில் பிறந்தவையே அல்ல.

'இதெல்லாம் பொம்மைதானே, இவ்வளவு கணக்கா?' என்று சிலர் கேட்கலாம். பொம்மையாக ஓட்டுபவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. பேரப்பிள்ளைகளுக்குச் சிவப்பும் மஞ்சளுமாக எது ஓடினாலும் கொண்டாட்டம்தான். ஆனால் கட்டுரையாளரே 'வரலாற்றை மேசைமேல் கொண்டுவரும் கலை' என்று எழுதிவிட்டார். வரலாறு என்று சொன்ன பிறகு ஆண்டு வேண்டும். முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு இடத்தை, அதற்குப் பிறகுதான் எஞ்சினும் வேகனும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். கட்டுரை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

என் மேசையில் ஓடுவது 1943ஆம் ஆண்டுப் பென்சில்வேனியா. ஏன் அமெரிக்கா என்றால், எச்.ஓ. அளவில், அதாவது 87இல் ஒரு பங்கு அளவில், மாதிரிகளும் சரி, மூல வேகன்களைப் பற்றிய ஆவணங்களும் சரி, அந்த நாட்டுக்குக் கிடைப்பதுபோல வேறெதற்கும் கிடைப்பதில்லை. ஏன் 1943 என்றால், டேங்கர் வேகனின் பொற்காலம் அதுதான். போருக்கு முன் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எண்ணெய் பெரும்பாலும் கப்பலில்தான் போனது. 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைக் கரையோரத்திலேயே மூழ்கடிக்கத் தொடங்கியதும் பாரம் முழுவதும் ரயில் தலையில் விழுந்தது. போருக்கு முன் கிழக்குக்கு நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் அளவில் கொண்டுபோன ரயில்கள், 1943 நடுவில் ஏறத்தாழ 10 லட்சம் பீப்பாய் கொண்டுபோயின. டெக்சாஸின் லாங்வியூவிலிருந்து 24 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்துக்கொண்டே வந்தார்கள். அதன் முதல் பகுதி 1943 தொடக்கத்தில் இல்லினாய் மாநிலத்தின் நாரிஸ் சிட்டி வரை எட்டியதும், எண்ணெயை அங்கே இறக்கி, டேங்கர் வேகனில் ஏற்றிக் கிழக்கே அனுப்பினார்கள். ஆகஸ்டில் குழாய் பென்சில்வேனியாவையே எட்டிவிட்டது. அதுவரை அந்தத் தண்டவாளங்களில் போனதெல்லாம் டேங்கர், டேங்கர், டேங்கர்.

அந்த ரயில்களின் நிறம் என்ன? கறுப்பு. இங்கேதான் கடைப் பெட்டிகளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். வெள்ளியும் மஞ்சளும் பச்சையுமாக, பெரிய எழுத்தில் நிறுவனப் பெயர் போட்ட வேகன்களைத்தான் தயாரிப்பாளர்கள் விதம்விதமாக விற்கிறார்கள். அப்படி ஓடியவையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை மேலிருந்து கீழ்வரை கறுப்பு, ஓரத்தில் நான்கெழுத்துக் குறி, ஒரு எண், அவ்வளவுதான். மூன்று டோம் வேகன் கதையும் இதுதான். ஒரே வேகனில் மூன்று அறை பிரித்து மூன்று சரக்கு ஏற்றுவதற்காக அவை இருந்தன. உண்மைத் தண்டவாளத்தில் அபூர்வம், பொம்மைத் தண்டவாளத்திலோ வீட்டுக்கு வீடு. லயோனல் என்ற பொம்மை ரயில் நிறுவனம் 1950களில் சனோகோ எண்ணெய் நிறுவனப் பெயரோடு விற்ற மூன்று டோம் வேகனுக்கு இதில் பெரும் பங்கு உண்டென்பது என் சந்தேகம்.

அந்த நான்கெழுத்துக் குறியை வாசிக்கத் தெரிந்தால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும். கடைசி எழுத்து எக்ஸ் என்றால் வேகன் ரயில்வேயுடையது அல்ல, தனியாருடையது. யூ.டி.எல்.எக்ஸ். என்பது யூனியன் டேங்க். ஜி.ஏ.டி.எக்ஸ். என்பது ஜெனரல் அமெரிக்கன். எஸ்.எச்.பி.எக்ஸ். என்பது ஷிப்பர்ஸ் கார் லைன். எஸ்.டி.ஆர்.எக்ஸ். சின்க்ளேர் எண்ணெய் நிறுவனத்துடையது. ரயில்வேக்கள் தங்கள் எஞ்சின் எண்ணெய்க்காகச் சொந்தமாக டேங்கர் வைத்திருந்தது உண்டு, சதர்ன் பசிபிக் போல. ஆனால் ஒரு சரக்கைத் தவிர வேறெதற்கும் உதவாத, திரும்பி வரும்போது காலியாகவே வரும் வேகனில் பணத்தை முடக்க அவை பொதுவாக விரும்பவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர்கள்தான் வாடகை வேகன் முதலாளிகள். மேக்ஸ் எப்ஸ்டீன் 1898இல் 28 பழைய சரக்கு வேகன்களோடு தொடங்கிய தொழில்தான் பின்னாளில் ஜெனரல் அமெரிக்கன் ஆனது. யூனியன் டேங்க், ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்காகவே வளர்ந்தது. 1911இல் உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலைத் துண்டாடியபோது யூனியன் டேங்க் தனி நிறுவனமாகப் பிரிந்தது. பிரிந்த பின்னும் பழைய வீட்டாருக்கே வேகன் விட்டது. ஆகவே நியூ ஜெர்சியானாலும் கலிஃபோர்னியாவானாலும் ஸ்டாண்டர்ட் வழிவந்த கிடங்கின் வாசலில் யூ.டி.எல்.எக்ஸ். கறுப்பு வேகன் நிற்பது சரி. அதையே சின்க்ளேர் கிடங்கு வாசலில் நிறுத்தினால், ஏன் நிற்கிறது என்று சொல்ல ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும்.

மூடிய பெட்டி வேகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது ஊர் சுற்றி. எந்த ரயில்வேயின் பெட்டியும் நாட்டின் எந்த மூலையிலும் தென்படலாம், சரக்கு இறக்கிய இடத்திலேயே வேறு சரக்கு ஏற்றிக்கொள்ளலாம். டேங்கர் அப்படியல்ல. அது எங்கே நிற்கிறது என்பதிலேயே அதற்குள் என்ன இருக்கிறது என்பது அடங்கியிருக்கிறது.

உள்ளே என்ன என்பது வெளித்தோற்றத்தையும் மாற்றும். கட்டுரையாளர் இதைத் தொட்டிருந்தாலே நான் பாதிக் கடிதத்தோடு நிறுத்தியிருப்பேன். அன்றைய சாதாரண வேகனின் சக்கரக் கூடு தாங்கிய சுமை 50 டன், அதாவது 1,00,000 பவுண்டு. பெட்ரோல் காலனுக்கு 6 பவுண்டு சொச்சம். 10,000 காலன் ஏற்றினாலும் 60,000 பவுண்டைச் சற்றுத் தாண்டும், கவலையில்லை. கந்தக அமிலம் காலனுக்கு 15 பவுண்டுக்கு மேல். அதை 8,000 காலன் ஏற்றினால் அச்சு முறியும். அதனால் அமில வேகனின் டேங்க் ஒல்லியாக இருக்கும். அதே நீளச் சட்டத்தில் டேங்க் மட்டும் இளைத்துக் கிடப்பதைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். சமையல் வாயுவும் குளோரினும் போகும் அழுத்த வேகனில் நாம் டோம் என்று நினைப்பது டோமே அல்ல, வால்வுகளை மூடிய கவசம். குட்டையாக, சுற்றிலும் கைப்பிடிக் கம்பியோடு இருக்கும். இவை தவிர வினிகருக்கென்று மரப்பலகையால் கட்டிய டேங்கோடும், பாலுக்கென்று உள்ளே கண்ணாடிப் பூச்சிட்ட டேங்கோடும், ஹீலியத்துக்கென்று நீண்ட எஃகு உருளைகளை அடுக்கியும் வேகன்கள் ஓடின. ஆசைக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஒன்றுதான்.

மரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் டேங்கர் வேகனே மரத்தொட்டிதான். 1865இல் பென்சில்வேனியாவின் எண்ணெய்ப் பகுதியில் டென்ஸ்மோர் சகோதரர்கள் ஒரு தட்டை வேகன்மேல் இரண்டு மரத்தொட்டிகளை நட்டுவைத்து எண்ணெய் அனுப்பினார்கள். தொட்டிக்குச் சுமார் 40 பீப்பாய். உயரத்தில் கனம் இருந்ததால் வளைவில் ஆபத்து. சில ஆண்டுகளுக்குள் இரும்புத் தகட்டு டேங்கைப் படுக்கவைத்துவிட்டார்கள். அந்தச் சகோதரர்களில் ஒருவரான ஜேம்ஸ், பிற்பாடு ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்துக்குப் பணம் போட்டவர். நம் கிடங்கு அலுவலகங்களில் வேகனும் தட்டச்சும் ஒன்றாகவே புழங்கியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, சரியான ஆண்டு வேகனைக் கண்டுபிடிப்பது எப்படி? வாங்கும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். வேகனின் பக்கத்தில் கட்டிய மாதமும் ஆண்டும் சிறு எழுத்தில் இருக்கும், மாதிரியிலும் அச்சிட்டிருப்பார்கள். டேங்கின் தோலில் ஆணி வரிசை தெரிகிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். 1940கள்வரை ஓடியவற்றில் ஆணி அடித்த டேங்குகளே மிகுதி, பற்றவைத்தவை அதன் பிறகுதான் பெருகின. மூன்றாவது, அடியில் தொங்கும் பிரேக் கருவி. பழைய 'கே' வகையா, 1930களில் வந்த 'ஏபி' வகையா? முன்னது ஒரே கட்டியாக இருக்கும், பின்னது மூன்று துண்டாகப் பிரிந்து தொங்கும். 1953க்குப் பிறகு 'கே' பிரேக் வேகன்களை ஒரு ரயில்வே இன்னொன்றிடம் கைமாற்ற முடியாது. 1943இல் இரண்டும் கலந்தே ஓடலாம், எனக்கு அது வசதி. மேலும் தெரிய வேண்டுமானால் 'அஃபிஷியல் ரயில்வே எக்விப்மென்ட் ரெஜிஸ்டர்' என்ற பதிவேடு இருக்கிறது. எந்த நிறுவனத்திடம் எந்த எண் வரிசையில் எத்தனை வேகன் என்று தொலைபேசிப் புத்தகம்போலத் தடிமனாக அச்சிட்டது. 1953 ஜனவரிப் பதிப்பு மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. படிக்கச் சுவாரசியமில்லாத புத்தகம்தான், எனக்கென்னவோ கீழே வைக்க மனம் வருவதில்லை.

கறுப்பு வேகனாக வாங்கி அடுக்கினால் அலுப்புத் தட்டாதா என்று என் வீட்டிலேயே கேள்வி. பக்கத்தில் வந்து பார்க்கச் சொல்கிறேன். ஒரே கறுப்பில் இரண்டு வேகன் கிடையாது. புதிதாக வர்ணம் பூசியது மினுங்கும். பழையது வெளுத்துச் சாம்பலாகும். கச்சா எண்ணெய் வேகனில் டோம் மூடியிலிருந்து வழிந்த கறை பக்கவாட்டில் இறங்கி, வெள்ளை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பழுப்பாக்கியிருக்கும். டேங்கைச் சட்டத்தோடு கட்டும் பட்டியின் மேல்விளிம்பில் வழிசல் தேங்கி, அங்கே தூசி பிடித்து, ஒரு தடித்த கோடாகும். மூன்று தூரிகையும் ஒரு சொட்டு நீர்த்த வர்ணமும் போதும், ஞாயிறு போவதே தெரியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: டேங்கை ஒட்டி மூடுவதற்கு முன்பே உள்ளே எடைக்கட்டியை வைத்துவிடுங்கள். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்.ஓ. வேகனுக்கு ஒரு அவுன்ஸோடு, நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ் சேர்க்கச் சொல்கிறது. 5 அங்குல டேங்கர் என்றால் மூன்றரை அவுன்ஸ். பெட்டி வேகனில் எப்போது வேண்டுமானாலும் கூரையைத் திறந்து எடை வைக்கலாம். டேங்கரில் மூடியபின் வழியில்லை, எடை குறைந்தால் வளைவில் கவிழும்.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் வேகன்களுக்குக் கால் பக்கமாவது ஒதுக்குங்கள், வெளியான படக்குறிப்புக்கும் ஒரு திருத்தம் போடுங்கள். போர்க்கால ரயில் படம் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டியதில்லை. ஜேக் டெலானோ 1942–43 குளிர்காலத்தில் அமெரிக்க அரசுக்காகச் சிகாகோ ரயில் முற்றங்களில் எடுத்த படங்கள், வண்ணப் படங்கள் உட்பட, அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. அரசுப் பணிக்காக எடுத்தவை என்பதால் யாரும் அச்சிடலாம்.

இப்படிக்கு,
எண்ணெய்க் கிடங்கிலிருந்து ஓய்வுபெற்ற வாசகன்