சேலம் ரயில் திட்டம்: தண்டவாள அகலத்தை முதலில் பேச வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை சுமார் 185 கிலோமீட்டர் நீளத்துக்கு மித அதிவேக ரயில் பாதை அமைப்பதற்கான சாத்தியக்கூறு ஆராயப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அன்று முதல், நிலையங்கள் எங்கே வரும், யாருடைய நிலம் போகும், தனியார் முதலீட்டுக்கு இடம் உண்டா என்பவையே எங்கள் ஊரில் பேச்சாக இருக்கின்றன. தண்டவாளத்தின் அகலம் என்னவாக இருக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்வியை ஏன் முதலில் கேட்க வேண்டும் என்பதை விளக்க, ஆஸ்திரேலியாவில் தோற்றுப்போன ஒரு தனியார் ரயில் கம்பெனியின் வரலாற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1840களின் இறுதியில், தோன்றி அறுபது ஆண்டுகளே ஆன பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. உள்நாட்டில் விளைந்த கம்பளி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் வாரக்கணக்கில் பயணம் செய்து சிட்னி துறைமுகத்தை அடைந்தன. அதை மாற்றும் நோக்கத்தோடு வணிகர்களும் நில உடைமையாளர்களும் சேர்ந்து தொடங்கிய சிட்னி ரயில்வே கம்பெனி 1849இல் சட்டப்படி பதிவு பெற்றது. 1850 ஜூலை 3 அன்று கொட்டும் மழையில் ஆளுநர் ஃபிட்ஸ்ராயின் மகள் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடங்கி வைத்தார். சிட்னிக்கு அருகிலுள்ள பாரமட்டா வரை முதலில் போட்டு, பிறகு உள்நாட்டு நகரான கோல்பர்ன் வரை நீட்டுவது திட்டம்.

அடுத்த ஆண்டே உள்நாட்டில் தங்கம் கிடைத்தது. மண் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் மண்வெட்டியோடு தங்க வயல்களுக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களின் கூலி ஏறியது. பழைய விலையில் ஒப்புக்கொண்ட வேலைகள் நின்றன. இங்கிலாந்திலிருந்து சுமார் 500 தொழிலாளர்களைக் கப்பலில் வரவழைத்தும் செலவைத் தாங்க முடியவில்லை. அரசு முதலில் கடன் கொடுத்தது, பிறகு பங்கு வாங்கியது, கடைசியில் 1855 செப்டம்பர் 3 அன்று கம்பெனியையே ஏற்றுக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி சுமார் 22 கிலோமீட்டர் பாதையில் ரயில் ஓடியது. தனியார் நட்டத்தை மக்கள் பணம் சுமந்தது என்று ஒரு தரப்பு சொல்லலாம். தங்கம் கிடைத்திராவிட்டால் கம்பெனி பிழைத்திருக்கும் என்று மறு தரப்பு சொல்லலாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பணத்தில் நேர்ந்த அந்தத் தோல்வி ஐந்தே ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது. தீராமல் நின்றது வேறு.

இரு தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டும் என்பது லண்டனிலிருந்து வந்த பரிந்துரை. கம்பெனியின் பொறியாளர் ஃபிரான்சிஸ் ஷீல்ட்ஸ் அயர்லாந்துக்காரர். தம் நாட்டு வழக்கமான 5 அடி 3 அங்குலமே சிறந்தது என்று வாதிட்டார்; லண்டனும் அதற்குச் சம்மதித்தது. ஆனால் அவருடைய சம்பளத்தைக் கம்பெனி குறைத்தது. அவர் 1850 முடிவதற்குள் பதவியை விட்டு விலகினார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் வாலஸ் பழைய அளவே வேண்டும் என்றார். 1852இல் 5 அடி 3 அங்குலம் என்று சட்டம் இயற்றிய நியூ சவுத் வேல்ஸ் சட்டசபையே, 1853இல் அதை நீக்கி 4 அடி எட்டரை அங்குலத்துக்குத் திரும்பியது. இதற்குள் அண்டைக் குடியேற்ற நாடான விக்டோரியா, முதல் முடிவை நம்பி, அகலமான பாதைக்கு ஏற்ற வண்டிகளுக்கும் தளவாடங்களுக்கும் பணம் கட்டிவிட்டது. விக்டோரியா எதிர்த்துப் பார்த்தது; பயனில்லை.

ஆறரை அங்குல வேறுபாடுதான். இரு நாடுகளின் பாதைகளும் 1883இல் ஆல்பரி எல்லையில் சந்தித்தபோது, சிட்னியிலிருந்து மெல்பர்ன் செல்பவர் நடு வழியில் இறங்கி வேறு ரயில் ஏற வேண்டியிருந்தது. சரக்கு முழுவதையும் இறக்கி ஏற்ற வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைத் தளவாடங்களுக்கும் இதே நிலைதான். ஒரே அகலத்தில் இரு நகரங்களும் இணைந்த ஆண்டு 1962. சம்பளத் தகராறில் ஒரு பொறியாளர் விலகியதோடு தொடங்கிய குழப்பத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் விலை கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

சேலத்துக்காரர்களுக்கு இது தெரியாத துன்பம் அல்ல. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக வரும் பாதை தொடக்கத்திலிருந்தே அகலப் பாதை. ஆத்தூர், விருத்தாசலம் பக்கம் போனது ஒரு மீட்டர் அகலமே கொண்ட மீட்டர் கேஜ். அந்த இரண்டும் சந்தித்த சேலம் சந்திப்பில், ஒரு பாதையின் பெட்டி மறு பாதையில் உருளாது. மூட்டைகள் தோளேறி இறங்கியதைப் பார்த்தவர்கள் சூரமங்கலத்திலும் செவ்வாய்ப்பேட்டையிலும் இன்றும் இருக்கிறார்கள். 2007 வாக்கில் விருத்தாசலம் பாதையை அகலப்படுத்தி முடித்த பிறகே அந்தச் சிரமம் தீர்ந்தது.

இப்போது பேசப்படும் மித அதிவேக ரயிலுக்கு முன்மாதிரி டெல்லி–மீரட் பாதை. அது 1435 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. சென்னை மெட்ரோவும் அப்படியே. நம் ரயில்வேயின் அகலப் பாதையோ 1676 மில்லிமீட்டர். குறுகிய அகலத்துக்கு நியாயங்கள் உண்டு: வளைவுகளில் எளிதாகத் திரும்பும், உலகச் சந்தையில் அதற்கான வண்டிகள் தாராளமாகக் கிடைக்கும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அகலத்தில் பாதை போட்டால் அதன் வண்டி சேலம் சந்திப்பின் தற்போதைய தண்டவாளத்தில் என்றைக்கும் ஓடாது. பிற்காலத்தில் நாமக்கல்லுக்கோ தர்மபுரிக்கோ நீட்ட விரும்பினாலும், இருக்கும் பாதையைப் பயன்படுத்த முடியாமல் புதிதாகவே போட வேண்டியிருக்கும்.

ஆகவே, சாத்தியக்கூறு அறிக்கை முடிவாகும் முன், எந்த அகலம், ஏன் என்ற பகுதியைத் தமிழில் வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம் எழுத்தில் தரும் கருத்தும் அதனுடன் வர வேண்டும். தனியார் பங்கேற்பு இருக்குமானால், அகலம், சிக்னல் முறை, பெட்டிகளின் இணைப்பு, நடைமேடையின் உயரம் ஆகிய நான்கையும் அரசே நிர்ணயித்து ஒப்பந்தத்தில் எழுதி, கம்பெனியோ அதன் பொறியாளரோ மாறினாலும் அவை மாறாதபடி செய்ய வேண்டும். எங்கள் மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதைக் கோர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரயில்வே ஓய்வூதியர்,
சூரமங்கலம், சேலம்.