வாடகை ஓடையில் ஒரு காலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரம் முன்பு ஞாயிறு இணைப்பில் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அமெரிக்காவில் மலை ஓடைகளை நிலக்காரர்கள் வாடகைக்கு விடுவதுபோல நீலகிரியிலும் எஸ்டேட்காரர்கள் விட்டால் சுற்றுலா வளரும் என்று அதில் யோசனை சொல்லியிருந்தார்கள். நான் அவலாஞ்சி ட்ரவுட் பண்ணையில் இருபத்தாறு வருடம் களப்பணியாளாக இருந்தவன். சென்ற ஜூனில் அட்லாண்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அந்த மாதிரி ஓடை ஒன்றில் இறங்கியும் நின்றேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

ஏற்பாடு செய்தது மாப்பிள்ளை. "மாமா, உங்க மீனைக் காட்டறேன் வாங்க" என்று விடியுமுன்பே காரில் ஏற்றிவிட்டார். எவ்வளவு கட்டினார் என்று கேட்டால் சிரிக்கிறார். மகள்தான் பிறகு சொன்னாள். என் ஒரு மாத ஓய்வூதியம் அதற்குச் சரியாகப் போய்விடும்.

அட்லாண்டாவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் போனால் ஹேபர்ஷாம் மாவட்டம். அங்கே சோக்வீ ஆறு ஓடுகிறது. பெயர்தான் ஆறு, நம் கணக்கில் பெரிய ஓடை. அதன் கரை அநேகமாக முழுக்கத் தனியார் நிலம். அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் சரக்குப் படகு போகக்கூடிய ஆறுதான் பொது ஆறு. மற்றதில் கரை யாருடையதோ, தண்ணீருக்கு அடியில் உள்ள தரையும் மீன்பிடிக்கும் உரிமையும் அவருடையது. இந்த விதி 1863-ஆம் வருடத்துச் சட்டத்திலிருந்து வருகிறது. இதை வைத்து இன்னும் சண்டை நடக்கிறது. ஃப்ளின்ட் ஆற்றின் ஒரு துண்டில் யாரும் மீன்பிடிக்கக் கூடாது என்று கரைக்காரர்கள் வழக்குக்குப் போக, 2023-இல் சட்டமன்றம் கூட்டத்தொடரின் கடைசி நேரத்தில் மக்களின் மீன்பிடி உரிமைக்காக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. கட்டுரையாளர் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, ஓடைக்கு வருகிறேன். எங்களுக்கு கைடாக வந்தது முப்பது வயதுத் தம்பி ஒருவர். தூண்டிலை எடுக்கும் முன் தண்ணீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடியில் மணல் துகள்களை ஒட்டி ஒட்டிச் செய்த கூடுகள், ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம், உள்ளே புழு. இன்றைக்கு மீன் எதைத் தின்கிறது என்று இப்படித்தான் பார்ப்பாராம். பிறகு டப்பாவைத் திறந்து, அதே நிறத்தில் நூலும் இறகும் சுற்றிய முள் ஒன்றைக் கட்டினார். முள்ளின் நுனிக்குப் பின்னால், மீன் வாயில் மாட்டிக்கொள்ளும் சின்ன எதிர்முள் இருக்கும் அல்லவா, அதை இடுக்கியால் நசுக்கிவிட்டார். மீனை விடும்போது முள் வழுக்கி வந்துவிடும்.

எனக்கு வீச வரவில்லை. முதல் மூன்று வீச்சும் பின்னால் இருந்த செடியில்தான். அப்புறம் வீச்சு ஓரளவு பழகினாலும் மீன் எட்டிப் பார்க்கவில்லை. தம்பி காரணம் காட்டினார். நடு ஓடையில் வேகமான நீர் தூண்டில் நரம்பை இழுக்கிறது, நரம்பு முள்ளில் உள்ள பொய்ப்பூச்சியை இழுக்கிறது, மீன் இருக்கும் மெதுவான இடத்தில் பூச்சி மட்டும் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. எந்தப் புழு அப்படிப் போகும்? நரம்பு தண்ணீரில் விழுந்ததும் அதைத் தூக்கி மேல்நீர் பக்கம் மடித்துப் போடச் சொன்னார். அடுத்த முறை நரம்பில் கட்டியிருந்த தக்கை அமிழ்ந்தது.

கிட்டத்தட்ட முழங்கை நீளம் இருந்தது அந்த ரெயின்போ ட்ரவுட். கையை நனைத்துக்கொண்டு, வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பார்த்தேன். முதுகுத் துடுப்பின் ஓரம் தேய்ந்திருந்தது. சிமெண்ட் தொட்டியில் வளர்ந்த மீனுக்குத்தான் அப்படித் தேயும். தம்பியைக் கேட்டேன், மறைக்கவில்லை. வாங்கி வந்து விட்டு, தீவனமும் போட்டுத்தான் இந்த அளவுக்குக் கொழுக்க வைக்கிறார்களாம். பண்ணைக்காரன் பத்தாயிரம் மைல் பறந்து போய்ப் பண்ணை மீனையே பிடித்தான் என்று மாப்பிள்ளை இன்றைக்கும் கேலி செய்கிறார். அந்த மலையில் ஆதியிலிருந்து இருப்பது ப்ரூக் ட்ரவுட் மட்டும்தான். ரெயின்போ பசிபிக் பக்கத்து மீன்.

எனக்குப் பிடித்தது மீன் அல்ல. பத்தரை மணி வாக்கில் தம்பி வெப்பமானியை நீரில் வைத்துப் பார்த்தார். 68 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 20. "இன்றைக்கு இவ்வளவுதான்" என்று தூண்டிலைச் சுருட்டிவிட்டார். பணம் கட்டியவர் எதிரில் நிற்கிறார், மீனும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் முடியாது என்றார். வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு. அதில் போராடிக் களைத்த மீன் கையை விட்டு நன்றாகத்தான் நீந்திப் போகும், நம் கண்ணுக்கு மறைந்த பிறகு சாகும். பண்ணையில் கோடையில் சினைமீன்களைத் தொட்டாலே எங்கள் அதிகாரி கத்துவார். அதே காரணம்தான்.

இப்போது நம் ஊருக்கு. நமக்கும் ட்ரவுட் வந்தேறிய மீன்தான். ஜார்ஜியாவில் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1863-இல் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆய்வாளர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவரப் பார்த்தார், பிழைக்கவில்லை. பிறகு வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் வந்து, 1907-இல் அவலாஞ்சிப் பண்ணை ஏற்பட்டது. முட்டையையும் விந்தையும் பீங்கான் கிண்ணத்தில் பீய்ச்சி, கோழி இறகால் கலக்குவோம். நானே எத்தனையோ குளிர்காலங்களில் விரல் மரத்துப்போகக் கலக்கியிருக்கிறேன். மேலே முக்குர்த்தி 1990-இல் தேசியப் பூங்காவாகிவிட்டது, அங்கே தூண்டில் போட முடியாது, போடவும் வேண்டாம். மிச்சம் இருப்பது கீழே உள்ள சில ஓடைகள். அந்தத் தண்ணீரில் ஊர்க்குழாய் இருக்கிறது, தோதவர் எருமை குடிக்கிறது, கேரட் கழுவுகிறார்கள். அதில் எஸ்டேட்காரர் எதை வாடகைக்கு விடுவார்? வேலி போட்டால் எருமை எந்தப் பக்கம் நிற்கும்?

கட்டுரையாளருக்கு ஜார்ஜியாவிலிருந்து ஏதாவது கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால் அந்த வெப்பமானியைக் கொண்டுவரட்டும். மீன்துறை உரிமச் சீட்டு, ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில்தான் என்ற கணக்கு, கூட ஒரு கைடு, 20 டிகிரியைத் தொட்டால் வீட்டுக்கு. புது ஓடை எதிலும் ட்ரவுட் விடக் கூடாது, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்றுவிடும். இதற்குத் தனி முதலாளி தேவையில்லை.

இன்னொன்று. கட்டுரையோடு போட்ட படத்தில் ஒருவர் காய்ந்த கையால் மீனைப் புல்லின் மேல் அழுத்திப் பிடித்திருக்கிறார். கீழே "பிடித்து விடுவிக்கும் மீன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே உள்ள வழவழப்பு போன மீனை விடுவித்துப் பயனில்லை. அடுத்த தடவை வேறு படம் போடுங்கள்.

கைடுக்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். ஓடைகளைக் காவல் காத்த பழைய வாட்ச்சர்கள் எமரால்டு பக்கம் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. போன மாதம் அவரை ஓடைப் பக்கம் கூட்டிப் போனேன். பாலத்தில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மடு இடம் மாறிடுச்சு, இப்ப அந்தப் பாறைக்குக் கீழே இருக்கும் பாரு" என்றார். இறங்கிப் பார்த்தேன், அங்கேதான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மீன்துறைக் களப்பணியாளர்,
எமரால்டு, நீலகிரி.