முதலில் கழிவு உறிஞ்சும் இடம், பிறகு தண்டம்

மட்டக்களப்பு மாவட்டத்து மீன்பிடி இறங்குதுறைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பலநாள் படகுகள் மலக்கழிவைத் துறைக்குள் விடக்கூடாது, கழிவுத் தாங்கி இல்லாத படகுக்குத் தண்டம் என்று ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தோம். அதன் நோக்கத்தோடு எங்களுக்குப் பிணக்கில்லை. வாவி இறாலையும் நண்டையும் நம்பியிருக்கிற ஊர் இது. ஆனால் நிரம்பிய தாங்கியை எங்கே காலி செய்வது என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை. ஆகவே கேட்கிறோம்: தண்டத்துக்கு முன் இறங்குதுறையில் கழிவு உறிஞ்சும் இடம் ஒன்று அமைத்துத் தாருங்கள்.

தாங்கி பூட்டுவது பெரிய காரியமில்லை. ஐந்து பேர், துறையில் நான்கு நாள், ஊற்றும் தண்ணீரோடு ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் என்று பார்த்தால் 200 லீற்றர் வரும். கால் பங்கு வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் 300 லீற்றர் தாங்கி போதும். இரும்பு வேண்டாம், மூத்திரமும் உப்பும் அதைச் சீக்கிரமே அரித்துவிடும். தடித்த பொலித்தீன் தாங்கியே நல்லது. 200 கிலோவுக்கு மேல் பாரம் என்பதால் படகின் நடுக்கோட்டில், தாழ்வாக, ஆடாமல் கட்ட வேண்டும்.

கவனம் வேண்டியது குழாயில்தான். மலசலகூடக் கோப்பை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், கடலோடு தொடுக்கும் ஹோஸை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்தெடுத்து, அந்த வளைவின் உச்சியில் காற்று வால்வு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கடல் தானாகவே உள்ளே இழுபட்டு, கட்டிய இடத்திலேயே படகு தாழும். ‘தாங்கியோடு இணைக்கவும்’ என்று மட்டும் சொல்லும் அறிவித்தலைப் பார்த்து அவசரத்தில் பூட்டுகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

இனி, எங்களை மிகவும் வதைக்கிற விடயம். துறையில் உள்ள மலசலகூடம் மாலையோடு பூட்டப்படுகிறது. படகில் காவலுக்குப் படுக்கிறவர்களுக்குப் படகின் விளிம்பைத் தவிர வேறு இடமில்லை. விடிந்ததும் அதே தண்ணீரை வாளியில் அள்ளித்தான் தளம் கழுவுகிறார்கள், மீன் பெட்டி கழுவுகிறார்கள். முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் ஓட்டமும் இல்லை, கலந்தது கலந்த இடத்திலேயே சுற்றும். அந்தப் பெட்டியில் வைத்த மீன்தான் சந்தைக்குப் போகிறது. ஒரு சாவியை இரவுக் காவலாளியிடம் கொடுத்தால் இதில் பாதி நின்றுவிடும்.

கழிவு உறிஞ்சும் தாங்கி வண்டியான பவுசரைக் கூப்பிடலாமே என்று சொல்லப்பட்டது. பவுசரின் உறிஞ்சு குழாய் மூன்று, நான்கு அங்குலம். படகுத் தளத்தில் உள்ள வாய் ஒன்றரை அங்குலம். இடையில் பொருத்தும் இணைப்பு இல்லாமல் குழாயைக் கையால் அழுத்திப் பிடித்தால் தளமெல்லாம் தெறிக்கும். அதைவிட மோசமான ஆபத்து, தாங்கிக்குள் காற்றுப் போய்வர வைக்கும் காற்றுக் குழாயில் இருக்கிறது. தாங்கியை அளவுக்கு மீறி நிரப்பினால் கழிவு அதற்குள் ஏறிக் காய்ந்து அடைத்துவிடும். அடைத்ததைப் பார்க்காமல் பவுசர் இழுத்தால் தாங்கி உள்நோக்கி நசுங்கி வெடிப்பு விடும். காற்றுக் குழாய் 25 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், இழுக்க முன் தாங்கியின் சோதனை மூடியைத் திறந்து வைக்க வேண்டும். மூடிக்குள் எவரும் தலையை விடக்கூடாது. கடல்நீரும் மலமும் சேர்ந்து புளித்தால் ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் திடீரென மறைந்தால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துவிட்டது என்றும் இருக்கலாம். அங்கே ஆள் சாவதற்கு அதிக நேரம் எடுக்காது. நாற்றத்துக்கு அசிட்டும் பிளீச்சிங்கும் சேர்த்து ஊற்றுவதும் உயிராபத்து, குளோரின் வாயு கிளம்பும்.

கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போல் சமவாயத்தின் நான்காம் இணைப்பு, சர்வதேசப் பயணம் செய்யும் கப்பல்களில் 400 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கும் 15 பேருக்கு மேல் ஏற்றுபவற்றுக்கும் உரியது. எங்கள் படகுகள் அதில் அடங்கா. ஆனாலும் சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால், ஓடிக்கொண்டே, சிறிது சிறிதாக விட வேண்டும் என்ற அதன் ஒழுங்கை ஏற்க நாங்கள் ஆயத்தம். ஏழு நொட் வேகத்தில் அது இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைந்த ஓட்டம். அதே இணைப்பு, கழிவை ஏற்கும் வசதியைத் துறைமுகங்களில் செய்துகொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முதல் பாதி மட்டும் ஏன் எங்களிடம் வருகிறது?

ஐஸுக்குக் காத்திருக்கிறோம். மணல் மேட்டில் படகின் சுழலி அடிபடுகிறது. இறங்குதுறை விளக்குப் பாதி எரிவதில்லை. இவற்றுக்கெல்லாம் தவணை கேட்கிறவர்கள் தண்டத்துக்கு மட்டும் தவணை தருவதில்லை. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டோம்.

தயவுசெய்து இறங்குதுறை ஓரத்தில் ஒரு டயபிரம் பம்பு, ஒன்றரை அங்குல இணைப்போடு ஒரு ஹோஸ், உறிஞ்சிய பின் தாங்கியை அலச ஒரு தண்ணீர்க் குழாய், மூடிய சீமெந்துத் தொட்டி ஒன்று, அதைக் காலி செய்யக் கிழமைக்கு இரு தடவை பவுசர், இவற்றைச் செய்து தாருங்கள். நியாயமான கட்டணம் கட்டுகிறோம். அதுவரை இரவில் மலசலகூடத்தைத் திறந்து வையுங்கள், தண்டத்தை நிறுத்தி வையுங்கள். கழிவு உறிஞ்சும் இடம் இயங்கத் தொடங்கும் திகதியை எழுத்தில் அறியத் தருமாறு பணிவோடு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
பலநாள் படகு உரிமையாளர்களும் படகோட்டிகளும்