சீடை மேல் போட்ட பழி

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்திய செய்தி படித்துச் சந்தோஷப்பட்டோம். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் பண்ணியாச்சு, வலி போய்விட்டது, கேப் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்" என்று. பல்லைக் குடைந்து உள்ளே இருந்த நரம்பை எடுத்தாயிற்று, அதன் மேலே உறை மாதிரி மாட்ட வேண்டிய கேப்பை மட்டும் அப்புறம் என்கிறாய்! அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் கதையைக் கேள். கோகுலாஷ்டமிக்கு வீட்டில் உப்புச் சீடை. மாவு பதம் தப்பியதோ என்னவோ, இந்த வருஷம் கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. இடது பக்கம் போட்டுக் கடித்தேன், 'டக்'கென்று ஒரு சத்தம். சீடைதான் உடைந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் இட்லி சாப்பிடும்போது சுருக்கென்றது. இட்லிக்கு! பார்த்தால், சட்னியில் தாளித்திருந்த ஒரே ஒரு உளுந்தம்பருப்பு.

வேடிக்கை என்னவென்றால், கடிக்கும்போது அவ்வளவாக வலிக்காது. கடித்துவிட்டு வாயைத் திறக்கிற நொடியில்தான் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அதுவும் பத்துத் தடவைக்கு மூன்று தடவைதான். எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்டவும் தெரியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, சொத்தை எதுவும் இல்லை என்று கூச்சத்துக்கு ஒரு பேஸ்ட் எழுதிக் கொடுத்தார். மரகதம் "எல்லாம் உங்க மனசுலதான்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

இரண்டாவது டாக்டர் நம் பிள்ளைகள் வயசுப் பெண். சின்னப் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை எடுத்து, பல்லின் ஒவ்வொரு முனை மேலும் தனித்தனியாக வைத்து, "கடிங்க... விடுங்க" என்றார். நாலாவது முனையில் விட்டேன் பார், நாற்காலியில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். பழைய ஃபில்லிங்கை எடுத்துவிட்டு நீலச் சாயம் தடவித் துடைத்தார். கண்ணாடியில் காட்டினார்: மயிரிழை மாதிரி ஒரு நீலக் கோடு, முன்னிருந்து பின்னாக. எக்ஸ்ரேயைக் கன்னத்துப் பக்கமிருந்து எடுப்பதால், இப்படி ஓடுகிற விரிசல் பெரும்பாலும் படத்தில் விழாதாம். கடிக்கும்போது இரண்டு பாதியும் லேசாக விலகும், விட்டதும் சட்டென்று சேரும். அப்போது பல்லுக்குள் இருக்கிற நீர் அசைந்து நரம்பைச் சுண்டுகிறது. இந்தக் கோளாறுக்குத் தனியாக ஒரு பெயர் வைத்ததே 1964-ல்தான், கேமரன் என்ற டாக்டர். அதுவரை எத்தனை பேர் வீட்டில் "மனசுலதான்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்களோ!

நான் சீடையைத் திட்டினேன். டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு முன் அடைத்த பெரிய ஃபில்லிங், சுற்றி நின்ற பல்லின் சுவர் மெலிந்துபோய் எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடுவதாக இருந்திருக்கிறது. "ராத்திரி பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கூட வந்திருந்த மரகதம், "முப்பது வருஷமா என்னைத் தூங்கவிடல" என்றாள். ஐஸ் கட்டி மெல்வது, ஐஸ்கிரீம் தின்ற வாயோடு கொதிக்கக் கொதிக்கக் காபி, நல்லி எலும்பு, கொட்டைப்பாக்கு என்று அவர் கேட்கக் கேட்க நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். நீ ஹாஸ்டலில் சோடா மூடியைப் பல்லால் திறந்து கொடுப்பாயே, ஒரு மூடிக்கு ஒரு முறுக்குக் கூலி, அதுவும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை.

எலும்பு முறிந்தால் கூடும். எனாமல் அப்படியில்லை, விரிசல் விட்டால் விட்டதுதான். பிளவு மேலும் ஓடாமல் பிடித்து நிறுத்தத்தான் கேப். உலக்கைக்குப் பூண் போடுவோமே, அதே வேலை. எனக்கு முதலில் தற்காலிகமாக ஒன்றைப் போட்டுச் சில வாரம் பார்த்தார்கள். நரம்பு அடங்கிவிட்டது, ரூட் கெனால் தேவைப்படவில்லை.

உன் பல்லில் அந்த வேலையே முடிந்தாகிவிட்டது. அதனால்தான் பயப்படுகிறேன். நடுவில் குடைந்த பல், அதுவும் மெல்லுகிற பாரமெல்லாம் விழுகிற கடைவாயில். கூசி எச்சரிக்க உள்ளே நரம்பும் இல்லை. வேர் வரைக்கும் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் சொன்னார். ரூட் கெனாலுக்கு அவ்வளவு செலவு பண்ணிவிட்டுக் கேப்பில் மிச்சம் பிடிக்கிறாயே, இது என்ன கணக்கு?

நான் பல்லைக் கடிக்காமலிருக்க, ராத்திரி பல் மேல் மாட்டிக்கொள்கிற நைட் கார்டு கொடுத்திருக்கிறார்கள். கன்றுக்குட்டிக்கு வாய்க்கூடு கட்டின மாதிரி இருக்கிறது என்கிறாள் மரகதம். பகலில் உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் ஒட்டக் கூடாதாம். கவனித்துப் பார்த்தேன், பேப்பரில் குறுக்கெழுத்துப் போடும்போதெல்லாம் பல்லை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். நீ ராத்திரி கடிக்கிறாயா என்று தங்கச்சியிடம் கேள். உனக்குத் தெரியாது.

கார்த்திகைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். மரகதம் பொரி உருண்டை பிடிப்பாள், பாகு இறுகினால் சீடைக்கு அண்ணன். கேப் போட்டுக்கொண்டு வந்தால் அது உண்டு. இல்லையென்றால் உனக்குப் பாயசம் மட்டும்தான்.

உன்,
கதிரேசன்